பத்துக்கு எத்தனை

ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து, ஏதோ கோழி கிளறிய காகிதம் என்று தூக்கிப் போட்டுவிடாதே. பேனாவைப் பிடி என்றால் விரல்கள் ஒன்றுக்கொன்று சண்டை போடுகின்றன. நீயோ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் பிரயோசனம் இல்லை. ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு வைத்திருந்தார்கள் அல்லவா, அதிலிருந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கடிதம் என்றால் கதவிடுக்கில் வந்து விழும். நீ குனிந்து எடுத்துத்தான் ஆகவேண்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் கண்ணாடிக் கடையில் பெரிய கண்ணாடிகளைச் சாய்த்து வைக்கும் ஸ்டாண்டையும் வெட்டு மேஜையையும் விற்கப் போகிறாயாமே! என் பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டான். இனிமேல் போட்டோவுக்கு பிரேம் போடுவதும் முகம் பார்க்கும் கண்ணாடி விற்பதும் மட்டும்தானாம். உன் அண்ணன் போன பிறகு ஆளுக்கு ஒரு முனை பிடித்து நாம் தூக்கி நிறுத்திய கடை அது. "பொம்பளைங்களா மாட்டுவீங்க இவ்வளவு பெரிய கண்ணாடிய?" என்று கேட்டவர்களே பிறகு நமக்காகக் காத்துக் கிடந்தார்கள். அதை விற்க என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா உனக்கு? நான் செத்தா போய்விட்டேன்?

பக்கத்தில் போனேன், ஒத்துக்கொள்கிறேன். நுரையீரலில் சளி கட்டி, கிருமி ரத்தத்தில் கலந்து, எத்தனையோ நாள் மெஷின்தான் எனக்காக மூச்சு விட்டதாம். கண் விழித்தபோது கையைத் தூக்கப் பார்த்தேன், கை வரவில்லை. அது என் கைதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. படுத்தே கிடந்தால் சதை இப்படிக் கரைந்து போகும் என்று யார் கண்டார்கள்? என் தொடையை இப்போது என் இரண்டு கைகளாலும் வளைத்துப் பிடித்துவிடலாம். கண்ணாடி தூக்கிய தொடை!

ஆனால் கரைந்த சதை திரும்ப வருமாம். சும்மா படுத்து முட்டை தின்றால் வராது, எடைக்கு எதிராக வேலை கொடுத்தால்தான் வருமாம். பிசியோதெரபி சொல்லித் தர ஒரு பெண் இங்கே பிள்ளை வீட்டுக்கு வருகிறாள். நான் அவளுக்கு வைத்திருக்கும் பேர் மேஸ்திரி. நாற்காலியில் மூன்று மெத்தை போட்டு உயர்த்தி, கையை ஊன்றாமல் எழுந்திரு, உட்கார், எழுந்திரு என்கிறாள். முதல் நாள் மருமகள் பின்னால் தாங்கிக்கொண்டு நின்றாள். இப்போது நிற்பதில்லை.

நான் வருவேன். என் முனையை நான்தான் பிடிப்பேன். அதுவரை ஸ்டாண்டில் கை வைக்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணி


ஜனவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதுகிற அளவுக்குத் தேறியதில் சந்தோஷம். உங்கள் கையெழுத்து முன்னால் இருந்ததைவிட நன்றாகவே இருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். மார்ச் கடைசியில் ஸ்டாண்டை எடுத்துக்கொள்வதாக ஒருவர் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார். வெட்டு மேஜையும் அவருக்கே. உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கண் திறக்காமல் கிடந்தபோது யாரிடம் கேட்பது? பிறகும் கேட்கவில்லை, அது என் பிழைதான். கேட்டால் நீங்கள் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும்.

ஒரு ஆள் போட்டுப் பார்த்தேன். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி தூக்குகிறான். "நில்லு" என்று கத்தினால் தலையாட்டிக்கொண்டே நடக்கிறான். பிரேம் போட ஆள் தேவையில்லை, நான் ஒருத்தியே போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைக்காக உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம். எடை தூக்குவதெல்லாம் இந்த வயதில் எதற்கு என்று புரியவில்லை, ஆனால் டாக்டர் சொன்னால் சரி.

அந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இல்லை என்று பிள்ளை சொன்னான். அதனால் உங்களைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. போனை எடுக்காததற்கு வேறு காரணம் ஒன்றுமில்லை, கடையில் வேலை.

இப்படிக்கு,
சின்னவள்


பிப்ரவரி 2

சின்னவளே,

வேறு காரணம் ஒன்றுமில்லையாம்! உன் கடிதத்தைப் படித்ததும் மருமகள், "சின்னத்தை உங்க மேல கோவமா இருக்காங்களா அத்தை?" என்று கேட்டாள். புதிதாக வந்தவளுக்கே புரிகிறது. எந்த நாள்? எனக்கு ஞாபகம் இல்லைதான். காலையில் கையுறை போட்டது தெரியும். அடுத்தது ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் நான் என்ன செய்துவிட்டேன்? சொல்லித் தொலை.

அதற்குள் என் பெருமையைக் கேள். மெத்தை மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது. ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி மார்புக்கு இழுக்கிறேன். முதலில் மஞ்சள் பட்டை, பிறகு சிவப்பு, இப்போது பச்சை. நிறம் மாற மாற இழுப்பு கூடும். கணுக்காலில் மணல் பட்டை கட்டிக்கொண்டு காலை நீட்டி மடக்குகிறேன். ஒரு நாள் பயிற்சி, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில்தான் சதை கட்டுமாம், அதனால் அன்று சோம்பேறியாக இருப்பதும் வேலைதானாம். இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

முதலில் ஒரு சங்கடம் வந்தது. நாம் கண்ணாடியைத் தூக்கும்போது மூச்சை அடக்கித்தானே தூக்குவோம்? அசையக் கூடாது, பேசக் கூடாது. பழக்கதோஷம், இங்கேயும் மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தேன், கண் இருட்டிவிட்டது. மேஸ்திரி பாய்ந்து பிடித்தாள். "எழுந்திருக்கும்போது மூச்சை வெளியே விடுங்கம்மா, வாய்விட்டு எண்ணுங்க" என்றாள். இப்போது என் காற்றுக் குரலில் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். தொண்டைக்கும் பயிற்சி. ஆனால் ஒன்று, எடையை இறக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பூப்போல இறக்குகிறேன். அப்படி மெதுவாக இறக்கினால்தான் நல்லது என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஒவ்வொரு தடவையும் முடித்ததும், "பத்துக்கு எத்தனை?" என்று கேட்பாள். எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நான் மார்க் போட வேண்டும். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம், உயிர் போகிறது என்றால் பத்து. ஐந்து ஆறு வந்தால் சரியான எடை. நான் எப்போதும் "ரெண்டு" என்பேன். உடனே அடுத்த பட்டை, அடுத்த எடை. இந்த வேகத்தில் போனால் மார்ச் கடைசிக்கு முன்னால் நான் கடை வாசலில் நிற்பேன். ஸ்டாண்டு வாங்க வருகிறவருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அந்த நாளைப் பற்றி எழுது. இல்லையென்றால் நான் பாட்டுக்குக் கற்பனை செய்வேன்.

உன் அண்ணி


பிப்ரவரி 9

அண்ணி,

கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன்.

அன்று நடனம் சொல்லித் தரும் கூடத்துக்கு சுவர்க் கண்ணாடி கொண்டு போனோம். உங்களுக்கு முந்தின நாளே காய்ச்சல். எனக்குத் தெரியாது. மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள், பிறகு உங்கள் பையில் அட்டையைப் பார்த்தேன். காலையில் உங்கள் முகம் சிவந்திருந்தது. "அண்ணி, முடியலையா?" என்று கேட்டேன். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றீர்கள். நம்பினேன். பதினைந்து வருஷமாக நம்பிப் பழக்கம்.

நான் முன்னால், கண்ணாடியின் பளபளப்புப் பக்கம். நீங்கள் பின்னால், பூச்சுப் பக்கம். வெறும் கண்ணாடியாக இருந்தால் அதன் வழியாக உங்கள் முகத்தைப் பார்த்திருப்பேன். இதில் என் முகம்தான் எனக்குத் தெரிந்தது. படியில் ஏறும்போது உங்கள் மூச்சு ஒரு மாதிரி கேட்டது. "இறக்கவா?" என்று கேட்டேன். "வேணாம், நட" என்றீர்கள். கூடத்தின் வாசலில் உங்கள் முனை போய்விட்டது. சாயவில்லை, நழுவவில்லை, ஒரேயடியாக இல்லாமல் போய்விட்டது. முழு எடையும் என் பக்கம் வந்தது.

உள்ளே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணாடியை வாசல் நிலையில் சாய்த்துத் தள்ளினேன், அது அங்கேயே நொறுங்கியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்தது. தையல் எல்லாம் ஆறிவிட்டது, அது பெரிய விஷயமில்லை. உங்களைச் சுற்றிக் கண்ணாடிச் சில். அதற்கு நடுவில் நீங்கள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தீர்கள், நான் பேர் சொல்லிக் கூப்பிட்டும் பார்க்கவில்லை. நீங்கள் செத்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனதில் கோபம் இல்லை. அது யாருக்கும் வரும். "இறக்கு" என்று ஒரு வார்த்தை. நம் தொழிலில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் இறக்க வேண்டும். பதினைந்து வருஷத்தில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நீங்கள் ஒரு தடவை சொன்னது உண்டா? நான் உங்களைத் தெம்பானவர் என்று நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் எத்தனை நாள் முடியாமல் தூக்கினீர்களோ, எத்தனை நாள் நாம் தப்பித்தோமோ தெரியவில்லை.

இப்போது அந்தப் பெண்ணிடம் "ரெண்டு" என்கிறீர்கள். அன்று என்னிடம் சொன்னதும் அதே ரெண்டுதான்.

உங்கள் தொடை பழையபடி ஆகலாம். கை ஆகலாம். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. உங்களோடு என்னால் கண்ணாடி தூக்க முடியாது. அதனால்தான் ஸ்டாண்டை விற்கிறேன்.

சின்னவள்


பிப்ரவரி 26

சின்னவளுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணமில்லை. எழுந்து உட்கார முடியவில்லை.

உன் கடிதம் வந்த அன்று நான் படுக்கையில் கிடந்தேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் மேஸ்திரி எடையைக் கூட்டினாள். நான்தான் "ரெண்டு, ரெண்டு" என்று மார்க் போட்டுக்கொண்டே வந்தேனே! பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன். போதாக்குறைக்கு, ஓய்வு நாளில் யாருக்கும் தெரியாமல் மாடிப்படி வேறு ஏறி இறங்கினேன். மறுநாள் தொடை இரண்டும் வீங்கிக் கல்லாகிவிட்டன. கழிப்பறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியாமல் மருமகளைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றால் என்ன, காற்றுதான் வந்தது. கடைசியில் வாளியைத் தட்டினேன். பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "போதும், இனிமே எந்த எடையும் வேணாம்" என்று எல்லாவற்றையும் பரண் மேல் தூக்கிப் போட்டுவிட்டான்.

மேஸ்திரி வந்தாள். நான் சமாதானம் சொல்வாள் என்று பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நீங்க பொய் சொன்னா நான் எப்படி எடை கட்டுவேன்? உங்க தொடைக்குள்ள நான் போய்ப் பாக்க முடியுமா? எனக்கு இருக்கிற ஒரே வழி உங்க வாய்தான். அதையும் அடைச்சிட்டீங்கன்னா நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது அவளுக்கு. பயந்துவிட்டாள் பாவம்.

அவள் போன பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

நான் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்? உன் கை கிழிந்த விஷயத்தை இந்த வீட்டில் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாய் என்பதும் எனக்குத் தெரியாது. கடையைத் தூக்கி நிறுத்தியவள் நான், நான் முடியவில்லை என்று சொன்னால் நீயும் தளர்ந்து உட்கார்ந்துவிடுவாய் என்றே நினைத்து வந்திருக்கிறேன். அந்தத் திமிர் என்னை மட்டும் சாய்க்கவில்லை.

வீக்கம் வடிய ஒரு வாரம் ஆனது. பிறகு பிள்ளையோடு மல்லுக்கட்டி எடைகளைப் பரணிலிருந்து இறக்க வைத்தேன். படுத்துக் கிடந்தால் இருக்கிற சதையும் போய்விடும் என்று மேஸ்திரியும் என் பக்கம் பேசினாள். மறுபடி சிவப்புப் பட்டை. நாற்காலியில் மறுபடி இரண்டு மெத்தை. முடித்ததும் அவள் கேட்டாள், "பத்துக்கு எத்தனை?" வாய் வரைக்கும் "ரெண்டு" வந்துவிட்டது. விழுங்கிவிட்டு "எட்டு" என்றேன். அவள் உடனே மணல் பட்டையில் ஒன்றை அவிழ்த்தாள். "இப்ப?" "ஆறு" என்றேன். "அப்பாடா, இன்னிக்குத்தான் உங்களுக்கு வைத்தியம் ஆரம்பிக்குது" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள், அன்று ராத்திரி தூங்கி எழுந்தபோது உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இல்லை. வேலை செய்த உடம்பு மாதிரி இருந்தது. அந்த வித்தியாசத்தை மறந்தே போயிருந்தேன்.

ஸ்டாண்டைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். வாளியைத் தட்டிய இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். வாடிக்கையாளர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு விலை கேட்காமலே போய்விட்டார்.

நேற்றுப் பிள்ளை போன் செய்தான். இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மாடி ஏறுகிறீர்களாம். மெத்தையே இல்லாமல் எழுந்திருக்கிறீர்களாம். "அத்தை மொகத்துல களை வந்திருச்சு" என்று மருமகளும் பேசினாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது, நான் ஏணியிலிருந்து இறங்கினாலே முழங்கால் கத்துகிறது.

இப்போது ஒரு விஷயம். அந்த நடனக் கூடத்துக்காரம்மா கடைக்கு வந்தார். நான் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். சண்டைக்கு வரவில்லை. கூடத்தைப் பெரிதாக்குகிறார்களாம், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி வேண்டுமாம், நாம்தான் மாட்ட வேண்டுமாம். "அன்னிக்குக் கண்ணாடிய பிள்ளைங்க பக்கம் விழ விடாம தடுத்தீங்களே, வேற யாரையும் எனக்கு நம்பிக்கை இல்ல" என்றார். ஏப்ரல் முதல் வாரத்தில் முடித்தாக வேண்டும்.

இவ்வளவு பெரிய வேலை நமக்கு வந்ததே இல்லை. இது கைக்கு வந்தால் ஸ்டாண்டை விற்க வேண்டிய அவசியமே இல்லை. பாட்டுக் கேட்கிறவனை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. நானே சொல்கிறேன், வந்துவிடுங்கள் அண்ணி. பிப்ரவரியில் அப்படி எழுதியவள் இப்போது இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண்ணிடம் நீங்கள் "எட்டு" என்று சொன்னதைப் படித்தேன். அதனால்தான் கேட்கிறேன்.

அந்தம்மாவுக்கு வாக்குக் கொடுக்கட்டுமா? ஸ்டாண்டு வாங்குகிறவரும் மாதக் கடைசியில் வண்டியோடு வந்துவிடுவார். சீக்கிரம் பதில்.

சின்னவள்


மார்ச் 20

என் சின்னவளுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? பையைத் தேடினேன். இரண்டு புடவையை மடித்தும் வைத்துவிட்டேன். மருமகள் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மேஸ்திரியிடம் சொன்னேன். "போங்கன்னோ போகாதீங்கன்னோ நான் சொல்ல மாட்டேன், தூக்கிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க" என்றாள். பிள்ளையின் அலமாரிக் கதவு ஒன்று கழன்று கிடக்கிறது, ஆள் உயரம், நல்ல கனம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. உன் அருமை அப்போதுதான் தெரிந்தது, இந்தப் பெண் கோணல்மாணலாக நடக்கிறாள். அறையைச் சுற்றி வந்தோம். "எத்தனை?" "அஞ்சு." எனக்கே ஆச்சரியம். என் கால் தரையைப் பிடித்து நிற்கிறது சின்னவளே, பழைய கால் மாதிரி! வாசல் தாண்டி வராந்தா. "எத்தனை?" "ஆறு." படியில் இறங்கத் தொடங்கினோம். பாதியில் இடது தொடை நடுங்கியது. கொஞ்சம்தான். பல்லைக் கடித்தால் கீழே போய்விடலாம். அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் இத்தனை வருஷமாகக் கடித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

"இறக்கு" என்றேன்.

குரல் வந்துவிட்டது. காற்றில்லை, குரல். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

அதனால் நான் சொல்வதைக் கேள். ஏப்ரலில் நான் வர முடியாது. சமதரையில் என்னை நம்பலாம், படியில் நம்ப முடியாது. அந்தக் கூடத்துக்குப் படி இருக்கிறது, உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுமுனையில் நீ இருக்கிறாய். மே மாதம் முடியும். எப்படிச் சொல்கிறேன் என்றால், போன வாரம் தூக்கிய எடையைவிட இந்த வாரம் கூடியிருக்கிறது, அதுவும் பொய் மார்க்கில் கூடியதில்லை. மே மாதம் முடியும் என்பதையும் இப்போது முடியாது என்பதையும் ஒரே தைரியத்தோடு எழுதுகிறேன்.

இதனால் அந்த வேலை கைவிட்டுப் போகும். ஸ்டாண்டும் போகும் என்றால் போகட்டும். எனக்கு வயிறு எரிகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். வாக்குக் கொடுத்துவிடாதே.

புடவைகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு கதவு இல்லாத அலமாரி.

அண்ணி


மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள் காலையில் வந்தது. படித்துவிட்டு மத்தியானம் வரை உங்களைத் திட்டிக்கொண்டே பிரேம் போட்டேன். எவ்வளவு பெரிய வேலை, நானே வலியக் கூப்பிட்டும் வரமாட்டேன் என்கிறாரே, முன்பு காய்ச்சலோடு ஓடி வந்தவருக்கு இப்போது என்ன வந்தது என்று. இரண்டு பிரேம் மூலை கோணிப் போய்விட்டது.

சாப்பிட உட்கார்ந்தபோது திரும்பவும் எடுத்துப் படித்தேன். பதினைந்து வருஷத்தில் நீங்கள் ஒரு தடவைகூடச் சொல்லாத "இறக்கு" அதில் இருந்தது.

சாயங்காலம் கூடத்துக்குப் போனேன். மே மாதம்தான் முடியும், அண்ணிக்கு இன்னும் தெம்பு வரவேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். அந்தம்மாவால் காத்திருக்க முடியவில்லை. வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார். கேட்டதும் வயிறு எரிந்தது, உங்களைப் போலவே.

ஸ்டாண்டு வாங்குகிறவர் இன்று வண்டியோடு வந்தார். கயிறெல்லாம் எடுத்துக் கீழே போட்டார். விற்கவில்லை என்று சொன்னேன். "வேலையே இல்லாம இத வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? தூக்கறதுக்கு ஆளுகூட இல்லையே!" என்றார். "இருக்காங்க, மே மாசம் வருவாங்க" என்றேன். வண்டி வாடகையை யார் தருவது என்று கத்தினார். அவர் கத்தி முடிக்கும்வரை நின்றேன். எனக்குப் பயம் போய்விட்டது அண்ணி, அதைத்தான் சொல்ல வந்தேன்.

மே மாதம் வாருங்கள். அதற்கு முன்னால் வந்தால் கதவைத் திறக்கமாட்டேன். மே மாதமும் முடியவில்லை என்றால் ஜூன். ஜூனிலும் இல்லையென்றால் எழுதுங்கள், காத்திருக்கிறேன். அந்தப் பக்கம் பிடிக்க எனக்கு வேறு ஆள் வேண்டாம்.

சின்னவள்